குடபுலவியனாரும் மூன்றாம் முழுமைத் திட்டமும்

தண்ணீரைப் பற்றித் தமிழ்நாட்டில் எங்கே கூட்டம் போட்டாலும் முதல் பத்து நிமிடம் சங்க இலக்கியத்துக்கு ஒதுக்கப்பட்டுவிடுகிறது. பொறியாளர்கள் கூடினாலும் சரி, வங்கி அதிகாரிகள் கூடினாலும் சரி, தமிழாசிரியர் ஒருவரை அழைத்து வான்சிறப்பில் தொடங்கச் சொல்வார்கள். அவரும் கரிகாலன், கல்லணை, ஏரி, குளம், ஊருணி என்று வரிசையாக அடுக்கி, உலகுக்கே நீர் மேலாண்மை கற்பித்த இனம் என்று முடித்துக் கைதட்டல் வாங்கி அமர்வார். பிறகு பொறியாளர் எழுந்து அடுத்த கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலையின் படத்தைத் திரையில் காட்டுவார். முன்னவர் பேசியது பின்னவரைத் தொடுவதில்லை. பின்னவர் காட்டியது முன்னவருக்குப் புரிவதில்லை. விழா இனிதே நிறைவுறும்.

தமிழ் படித்து, தமிழ் கற்பித்துச் சம்பளம் வாங்குகிறவன் என்ற முறையில் பொறியாளரைக் காட்டிலும் அந்தப் பத்து நிமிடத்தின் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். சென்னை போன்றதொரு நகரம் தன் நிலத்தோடு செய்துவரும் வணிகத்துக்கு அந்தப் பெருமிதம் திரையாகத் தொங்குகிறது. திரை தைத்துக் கொடுத்தவர்கள் நம்மைப் போன்ற இலக்கியக்காரர்கள். ஆகவே இந்தச் சண்டை நம் வீட்டுக்குள்ளேயே தொடங்க வேண்டியது.

புறநானூற்றின் பதினெட்டாம் பாட்டை எடுத்துக்கொள்வோம். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைப் பார்த்துக் குடபுலவியனார் பாடியது. நீர்ப் பெருமிதக்காரர்களின் தலைமைச் சான்று இதுதான். ஆனால் இதில் பெருமிதம் எங்கே இருக்கிறது? புலவர் அரசனைப் புகழ்ந்து தொடங்குகிறார், உண்மை. பிறகு பேச்சின் திசை மாறுகிறது. மறுமைச் செல்வமோ, பிறர் தோள்வலியை அடக்கித் தனியாட்சி செய்வதோ, நிலைத்த புகழோ, எது வேண்டுமானாலும் அதற்குச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு என்கிறார். வானம் பார்த்த நிலம் எவ்வளவு அகன்று கிடந்தாலும் அரசனின் முயற்சிக்கு உதவாது. ஆகவே நிலம் எங்கே வளைந்து தாழ்கிறதோ அங்கே நீரைத் தேக்கு என்கிறார். இது முன்னோர் பெருமை பேசும் பாட்டே இல்லை. அதிகாரத்தில் இருப்பவனிடம் ஒரு குடிமகன் வைக்கும் கோரிக்கை. பொருண்மொழிக்காஞ்சி என்று துறை வகுத்தவருக்கு அது தெரிந்திருக்கிறது. மேடைப் பேச்சாளருக்குத்தான் மறந்துவிட்டது.

அந்தக் கோரிக்கையில் இடம் குறிக்கப்பட்டிருப்பதையும் பார்க்க வேண்டும். நிலம் தாழ்ந்த இடம், அதாவது பள்ளம், நீருக்கு உரியது. முதலில் நிலத்தின் வடிவைப் பார், பிறகு நீருக்கு இடம் ஒதுக்கு, மற்றவை அதன்பின். இன்றைய மொழியில் இது நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல். சென்னை கடந்த நூறாண்டுகளில் இதை அப்படியே தலைகீழாகச் செய்திருக்கிறது.

இந்நகரத்துப் பெயர்களே சாட்சி. தாங்கல் என்றால் சிறு ஏரி. பழவந்தாங்கல், அய்யப்பன்தாங்கல் என்று பெயர் மட்டும் தங்கிவிட்டது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ' சாலை இருக்கிறது; அங்கே நின்றால் எதிர்வீட்டு மாடிதான் தெரியும். நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்ட்' சாலையும் 'லேக் ஏரியா'வும் இருக்கின்றன. மயிலாப்பூர் முதல் நுங்கம்பாக்கம் வரை வளைந்து கிடந்த நீண்ட ஏரியின் மாம்பலம் பகுதியைத் தூர்த்து 1920-களில் தியாகராய நகரை எழுப்பினார்கள். வெள்ளைக்காரன் செய்தது என்று தப்பிக்க முடியாது. அக்காலத்தில் அந்த முடிவில் நம்மவர்களுக்கும் பங்கிருந்தது. திருக்குறளுக்கென்று கட்டிய வள்ளுவர் கோட்டமே பழைய நுங்கம்பாக்கம் ஏரிப் பகுதியில்தான் எழுந்தது. வான்சிறப்பைக் கல்லில் வெட்டி வைக்க நமக்குக் கிடைத்த இடம் அது! பிற்காலத்தில் வீட்டுவசதி வாரியம் முகப்பேரில் மனை பிரித்தபோது அதற்கு 'முகப்பேர் ஏரித் திட்டம்' என்றே பெயரிட்டது. இப்பெயரைச் சூட்டியவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்ததா, அல்லது அது அறவே இல்லாதிருந்ததா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

தெற்கே பள்ளிக்கரணை. முன்னர் ஐம்பது சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பரந்திருந்ததாக மதிப்பிடப்படும் சதுப்பு நிலத்தில் எஞ்சியிருப்பது சிறு பங்கு. குப்பைமேடு ஒருபுறம் தின்றது, தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் கல்வி நிறுவனங்களும் மறுபுறம் தின்றன. 2022-ல் எஞ்சியதற்கு ராம்சார் தகுதி கிடைத்தது, நல்லது. ஆனால் நீர்நிலை மீட்பு என்ற பெயரில் நகரில் நடப்பதைக் கவனியுங்கள். கூவம் கரையிலும் அடையாற்றங் கரையிலும் குடிசை போட்டிருந்தவர்களை அப்புறப்படுத்திக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். அந்த இரண்டு இடங்களும் அதே சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகள். ஆற்றின் ஆக்கிரமிப்பாளர் என்று பட்டம் கட்டி, அரசே கூட்டிச்சென்று இன்னொரு பள்ளத்தில் குடியேற்றுகிறது. ஏரிக்குள் வளாகம் கட்டியவருக்கோ பட்டா இருக்கிறது, ஒப்புதல் ஆணை இருக்கிறது, வாசலில் நீரூற்றும் இருக்கிறது.

பள்ளத்தை விற்றாயிற்று. அப்படியானால் நீர்? வெளியிலிருந்து வரும். இதுதான் சென்னையின் நீர்த் திட்டமிடல் அரை நூற்றாண்டாக அறிந்த ஒரே வினைச்சொல்: கொண்டுவருதல்.

1983-ல் கிருஷ்ணா நீருக்கு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்றும் ஆளுக்கு 5 டி.எம்.சி. விட்டுத்தர, வழியில் இழப்பு போக எல்லையில் 12 டி.எம்.சி. வந்து சேர வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் நீர் பூண்டிக்கு வந்து சேர 1996 ஆயிற்று. ஒப்பந்த அளவு வழக்கமாகக் கிடைத்துவிடுவதாக யாரும் சொல்வதில்லை. கோடையில் நமக்குத் தாகம் எடுக்கும்போது கால்வாயின் மேற்பகுதியில் இருக்கும் விவசாயிக்கும் தாகம் எடுக்கும் என்பது ஒப்பந்தத் தாளில் எழுதப்படாத விதி.

வீராணத்தின் கதையை இலக்கிய வாசகர்கள் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். பொன்னியின் செல்வனின் முதல் அத்தியாயத்தில் வந்தியத்தேவன் குதிரையில் போகிற கரை அது. முதலாம் பராந்தகன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில், இளவரசன் இராசாதித்தனால் வெட்டப்பட்டதாகக் கருதப்படும் ஏரி. கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியாக நீர் பெற்று, காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் சுமார் 45,000 ஏக்கர் ஆயக்கட்டுக்குப் பாய்வது. அதைச் சென்னைக்குக் கொண்டுவரும் முதல் முயற்சி குழாய்களைச் சாலையோரம் பல ஆண்டுகள் கிடக்கவிட்டுப் படுத்தது. 2004-ல் புதிய வீராணம் திட்டம் முடிந்து, ஏறத்தாழ 235 கிலோமீட்டர் குழாயில் நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வரத் தொடங்கியது. சென்னைவாசி குடிப்பது காவிரித் தண்ணீர் என்று இதற்குப் பொருள். டெல்டாவின் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை என்று நாளிதழில் படித்து வருந்திக்கொண்டே, அந்தக் காவிரியில் ஒரு குவளையைச் சென்னையில் நாம் மொண்டு குடிக்கிறோம். ஆயிரமாண்டுக்கு முன் சோழ இளவரசன் நெல்லுக்காக வெட்டியதை எடுத்துத் தன் பற்றாக்குறையை மூடிக்கொண்ட நகரம், தன் எல்லைக்குள் இருந்த ஏரிகளை மனைகளாகப் பிரித்து விற்றது. வந்தியத்தேவன் போன வழியில் குழாய் வருகிறது என்று பூரித்து எழுதியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

2019 கோடையில் அத்தனை கொண்டுவருதலும் ஒருசேரக் கைவிட்டன. நான்கு ஏரிகளும் வறண்டன. நாளொன்றுக்கு 83 கோடி லிட்டராக இருந்த வழங்கல் 52.5 கோடியாகக் குறைக்கப்பட்டது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நீர் வந்தது, ஒரு நடைக்கு 50 வேகன், 25 லட்சம் லிட்டர். சிக்கராயபுரத்துக் கல்குவாரிக் குட்டையிலிருந்தும் இறைத்தார்கள். இதற்கு நான்கே ஆண்டுகளுக்கு முன், 2015 டிசம்பரில், செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டு அடையாற்றங்கரை மூழ்கியது. வெள்ளமும் வறட்சியும் இரண்டு வேறு பேரிடர்கள் என்று இரண்டு கோப்புகளில் எழுதிவைக்கிறார்கள். இரண்டும் பள்ளம் இல்லாமற்போனதன் இரு விளைவுகள்.

ஒரு சிறு கணக்கு. தமிழாசிரியன் போடும் கணக்குத்தான், பெருக்கல் தெரிந்தால் போதும். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். பெருக்கினால் மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 21 டி.எம்.சி. நீர் விழுகிறது. நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் வழங்கினால் ஆண்டுக்கு ஆவது 13 டி.எம்.சி.க்குச் சற்றுக் குறைவு. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், 2020-ல் திறந்த கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை ஐந்தும் நிரம்பினால் கொள்வது 12 டி.எம்.சி.க்குள்.

உடனே, பார்த்தீர்களா, மழைநீர் சேகரித்தால் போதும், முன்னோர் வழி இருக்கவே இருக்கிறது என்று எழுந்து நிற்பவர்களை உட்காரச் சொல்கிறேன். அந்த 21 டி.எம்.சி.யை யாரும் முழுதாகப் பிடிக்க முடியாது. மழையின் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தின் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஆழமற்ற ஏரியில் நிற்பது கோடையில் ஆவியாகிறது. களிமண் பகுதியில் நிலத்துள் இறங்க மறுக்கிறது. 2003-ல் அவசரச் சட்டம் கொண்டுவந்து வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி வெட்டச் சொன்னது அரசு செய்த நல்ல காரியங்களில் ஒன்று. அதன்பின் அந்தத் தொட்டியில் மண் தூர்ந்திருக்கிறதா என்று ஒழுங்காகப் பார்க்க ஆள் இல்லை என்பது வேறு கதை. ஏரி மட்டுமே கோடிக்கணக்கானவர்களுக்குக் குடிநீர் தந்துவிடாது. ஆனால் ஏரி இருந்தால் நிலத்தடியில் இருப்பு ஏறும், வெள்ளத்துக்கு ஒதுங்க இடம் இருக்கும், கொண்டுவரும் நீரின் அளவு குறையும். நிலத்தடி இருப்பை வெறுமனே உறிஞ்சினால் நேர்வது என்ன என்பதற்கு மீஞ்சூர் இருக்கிறது. அங்கே கிணறுகளில் இறைத்துக்கொண்டே போனதில் கடல் உள்ளே வந்தது. பிறகு 2010-ல் அதே மீஞ்சூர்ப் பக்கத்தில் கடல்நீரைச் சுத்திகரிக்க ஆலை திறந்தோம்.

கடல்நீர் ஆலைகளைப் பற்றி நீளமாக எழுத விருப்பமில்லை. மீஞ்சூர், நெம்மேலி, 2024-ல் நெம்மேலியில் இரண்டாவது, அடுத்துப் பேரூரில் நாளொன்றுக்கு 40 கோடி லிட்டருக்கு 2023-ல் அடிக்கல். ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் தின்னும் நீர் அது. வறட்சிக் காலத்துக்குக் காப்பாக இருக்கட்டும். அன்றாடத்துக்கும் அதுவே என்றால் மின்கட்டணம்தான் குடிநீர்க் கட்டணம்.

நகரம் வளர வளர அதனோடு சேர்ந்து வளரும் நீர் ஒன்றே ஒன்றுதான்: கழிவுநீர். இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். சென்னைச் சுத்திகரிப்பு ஆலையும் மணலி உரத் தொழிற்சாலையும் 1990-களின் தொடக்கத்திலிருந்தே நகரத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்து பயன்படுத்துகின்றன. 2019-ல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 4.5 கோடி லிட்டருக்கு உயர்நிலைச் சுத்திகரிப்பு ஆலைகள் வந்து தொழிற்சாலைகளுக்கு நீர் அனுப்பத் தொடங்கின. இந்தியாவிலேயே முன்மாதிரி என்று சொல்லத்தக்க வேலை. இதைப் பற்றி எந்த இலக்கியக் கூட்டத்திலாவது ஒரு சொல் கேட்டதுண்டா? கல்லணை அழகு, கழிவுநீர் அழகில்லை. நம் நீர்ப்பற்று அழகுணர்ச்சியாகச் சுருங்கிவிட்டது. சென்னையின் தண்ணீரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட சிறந்த நாவல் அசோகமித்திரனின் 'தண்ணீர்'. அதில் குடம் இருக்கிறது, வராத குழாய் இருக்கிறது, தோண்டிப்போட்ட தெரு இருக்கிறது. மூதாதையர் பெருமை மருந்துக்கும் இல்லை.

மரபைப் பேசத்தான் வேண்டுமென்றால் உத்திரமேரூருக்குப் போகலாம். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்ற குழுவையும் குடவோலை முறையில் அதற்கு ஆள் தேர்ந்ததையும் சொல்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்கின்றன. இதைக் காட்டிச் சனநாயகம் தமிழன் கண்டது என்று முழங்க நான் தயாரில்லை. அது பிராமணர் சபை. நிலமும் மனையும் வேதப் பயிற்சியும் கேட்ட சபை. பிற்காலத்திலும் மதகைத் திறந்து மூடி, வரப்பில் நின்று நீர் பங்கிட்டவன் பெரும்பாலும் சேரியைச் சேர்ந்தவன். ஊர்க் கிணற்றில் மொள்ள அவனுக்கு உரிமை இருந்ததில்லை. பொற்காலம் என்ற சொல்லை அவன் பேரனிடம் சொல்லிப் பார்க்கலாம். ஆயினும் அந்தக் கல்வெட்டில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. ஏரிக்கு ஒரு குழு, அதற்குக் காலவரையறை, கணக்குக் காட்டாவிட்டால் தகுதியிழப்பு.

சென்னையில் இன்று ஏரிக்கரை நீர்வளத் துறையிடம். சிறு குளங்கள் மாநகராட்சியிடம். குழாயும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்திடம். ஏரியைச் சுற்றி என்ன கட்டலாம் என்பது பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடம். பட்டா வருவாய்த் துறையிடம். நிலம் எங்கே வீடாகும் என்று குழுமம் முடிவு செய்யும், அங்கே எப்படி நீர் கொடுப்பது என்று வாரியம் பிறகு விழிக்கும், லாரி போகும். வீட்டுக்கு மீட்டர் இல்லாத நகரில் பங்களாக்காரர் ஆழ்துளைக் கிணற்றில் எல்லையின்றி உறிஞ்ச, குடிசைப் பெண் குடத்துக்குக் காத்திருந்து கூலி இழக்கிறாள். அளந்து கொடு, அடிப்படை அளவை எல்லோருக்கும் இலவசமாகக் கொடு, அதற்கு மேல் விலை வை என்றால் மக்கள் விரோதம் என்கிறார்கள். லாரித் தண்ணீர் விற்பனை மக்கள் நலமா?

இப்போது ஏன் இந்தச் சண்டை என்றால், காரணம் உண்டு. 2008-ல் ஒப்புதல் பெற்ற இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026-ஓடு முடிகிறது. மூன்றாவது, 2027 முதல் 2046 வரைக்குரியது. இதற்கிடையே 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. ஏரி மாவட்டம் என்றே பெயர்பெற்ற பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பெரும்பகுதி திட்ட வரைபடத்துக்குள் வந்துவிட்டது. மாம்பலத்துக்கு நேர்ந்ததை நூற்றுக்கணக்கான ஏரிகளுக்குச் செய்யும் வாய்ப்பு ஒரே கையெழுத்தில் கிடைத்திருக்கிறது.

பரந்தூரைப் பாருங்கள். 2022-ல் அறிவிக்கப்பட்ட இரண்டாவது விமான நிலையத்துக்கான நிலத்தில் ஏரிகளும் தாங்கல்களும் அடங்கும். ஏகனாபுரத்து மக்கள் அன்று தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அந்தப் பகுதியின் வழியே ஓடும் கால்வாய்க்குக் கம்பன் கால்வாய் என்று பெயர். பாலாற்று வெள்ளத்தை வழியிலுள்ள ஏரிகளுக்கு ஒவ்வொன்றாக ஊட்டி ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குக் கொண்டுசேர்ப்பது. அங்கிருந்து மிகுநீர் செம்பரம்பாக்கத்துக்கு. சென்னை குடிக்கும் ஏரிக்கு நீர் வரும் கால்வாயை மறித்து, சென்னைக்கு விமான நிலையம். கம்பனுக்குக் கழகம் வைத்து ஆண்டுதோறும் விழா எடுக்கிற ஊரில், கம்பன் பெயர் தாங்கிய கால்வாயைப் பற்றி நம் பட்டிமன்ற நடுவர்கள் வாய் திறந்து நான் கேட்கவில்லை.

முழுமைத் திட்டத்தின் வரைவுமீது பொதுமக்கள் ஆட்சேபம் தெரிவிக்க 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் இடம் தருகிறது. கல்லூரித் தமிழ்த் துறைகளும், வாசகர் வட்டங்களும், மாதம் ஒருமுறை கூடிக் கவிதை வாசிக்கும் நண்பர்களும் ஒரு கூட்டத்தை அதற்கு ஒதுக்கலாம். வரைபடத்தை விரித்து, ஒவ்வொரு ஏரிக்கும் நீர்வரத்துக் கால்வாய் குறிக்கப்பட்டிருக்கிறதா, அது எந்த வண்ணத்தில் இருக்கிறது, அந்த வண்ணம் எதைக் கட்ட அனுமதிக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு புதிய குடியிருப்பு மண்டலத்துக்கு அனுமதி தருமுன் அங்கே நீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போய் எப்படித் திரும்பும் என்பதை எண்களில் எழுதியிருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். எழுதவில்லை என்றால் ஆட்சேபத்தைத் தமிழில் எழுதி, பதினெட்டாம் பாட்டின் உரையை இணைத்து, ஒப்புகை பெற்று, எழும்பூரில் உள்ள குழும அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வரலாம்.